சர்வர், சூடா ஒரு மழை!

'சர்வர்' என்றதும் நமக்கெல்லாம் யார் ஞாபகத்துக்கு வருவார்? தோளில் துண்டு, கையில் தண்ணீர் டம்ளர், உள்ளே விரல். 'இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா தோசை...' என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, நாம் யோசித்து யோசித்து ரவா தோசை என்றதும், 'இட்லி மட்டும்தான் சார் இருக்கு' என்பாரே, அவர்தான். 1964-ல் நாகேஷ் அந்த வேலையைத் திரையில் பார்த்துச் சாகாவரம் வாங்கிவிட்டார்.

கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் சர்வரும் ஏறக்குறைய இவரேதான். நீங்கள் பிரவுசரில் ஒரு விலாசத்தைத் தட்டுகிறீர்கள். அது ஆர்டர். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் அதைக் காதில் வாங்கி, உள்ளே போய், எடுத்துவந்து உங்கள் மேஜையில் வைக்கிறது. வைக்கும்போது ஒரு நம்பரும் சொல்லும். 200 என்றால் 'இந்தாங்க சார்.' 404 என்றால் 'அப்படி ஒரு ஐட்டமே கிடையாதே!' 403 என்றால் 'அங்க போகாதீங்க, சமையல்கட்டு.' 503 என்றால் 'கூட்டம் ஜாஸ்தி, அப்புறம் வாங்க.' 418 என்றுகூட ஒன்று உண்டு. 1998 ஏப்ரல் முதல் தேதியன்று, இணைய விதிமுறைகள் எழுதும் பெரியவர்கள் முட்டாள்கள் தினத்துக்காக முழு சீரியஸாக எழுதி வெளியிட்டது. டீ கெட்டிலிடம் போய்க் காப்பி கேட்டால், அது 418 என்று பதில் சொல்ல வேண்டும்: 'நான் கெட்டில்.'

இதையெல்லாம் நான் ஏன் அளக்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு சர்வர் இருக்கிறார். டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழ்த்தட்டில் குடியிருப்பு. 24 மணி நேர டியூட்டி. டிப்ஸ் கேட்பதில்லை. 'எப்பப் பார்த்தாலும் பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டு, அது என்னங்க?' என்று விருந்தாளிகள் கேட்டால், என் மனைவி, 'அவரோட ரெண்டாவது குடும்பம்' என்பாள்.

* * *

'அய்யா, வெப்சைட் வேண்டுமென்றால் மாதம் ஏதோ பணம் கட்டினால் கம்பெனிக்காரன் இடம் கொடுக்கிறான். பேஸ்புக்கில் ஓசியிலேயே கிடைக்கிறது. வீட்டில் எதற்கு இந்த வேண்டாத வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சரித்திரத்தைப் பார்த்தால், வெப் என்ற சமாசாரமே மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில்தான் பிறந்தது.

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் உலகத்தின் முதல் வெப் சர்வரை ஓட்டியது அவர் மேஜையிலிருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில். யாராவது அணைத்துவிடப் போகிறார்களே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் கையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். உலகத்தையே இணைக்கப்போகிற மெஷினுக்குப் பாதுகாப்பு ஒரு துண்டுச் சீட்டு!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சில பேர் மாடி ஏறிப் போய்ப் பார்த்து, காப்பி காலி என்று வெறுங்கையோடு திரும்பும் கொடுமை தாங்காமல், 1991-ல் காப்பிப் பானைக்கு எதிரே ஒரு காமிராவை வைத்தார்கள். 1993-ல் அது வெப்பில் ஏறியது. உலகமே அந்தப் பானையை எட்டிப் பார்த்தது. 2001-ல் காமிராவை நிறுத்தியபோது பானை 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. யாஹூ என்கிற பிரும்மாண்டம் 1994-ல் ஓடிக்கொண்டிருந்தது ஸ்டான்ஃபோர்டில் ஒரு மாணவரின் கம்ப்யூட்டரில். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அகிபோனோ, ஒரு சுமோ பயில்வானின் பெயர்.

அதற்கப்புறம்தான் நாமெல்லாம் வாடகைக்குப் போனோம். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று 1994-ல் கிளம்பி, பேட்டை பேட்டையாகப் பிரித்து, 'வாங்கோ, இலவசமாகக் குடியிருங்கோ' என்று இடம் கொடுத்தது. தமிழில் முதல்முதலாக வலைப்பக்கம் போட்ட பலபேர் குடியேறியது அங்கேதான். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. (ஜப்பான் கிளை மட்டும் 2019 வரை தாக்குப்பிடித்தது.) தன்னார்வலர்கள் சிலர் பெட்டி படுக்கையைக் காப்பாற்றுவதுபோல ஓடி ஓடி நகல் எடுத்தார்கள். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ல் கடையைக் கட்டியது. குடியிருந்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஹவுஸ் ஓனர்கள் நோட்டீஸ் கொடுத்துத்தான் காலி செய்யச் சொல்வார்கள்.

* * *

இப்போது அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பா தபால் இலாகாவில் 34 வருஷம் குப்பை கொட்டியவர். 1972 ஆகஸ்ட் 15-ம் தேதி பின்கோடு வந்ததை, ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அவருடைய இன்னொரு பைத்தியம், மழை. 1979-லிருந்து தினமும் காலை எட்டரை மணிக்கு மொட்டைமாடியில் மழை அளக்கிறார். ஒரு புனல், ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு நோட்டு. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. அப்பாவுக்கும் அதேதான் நாள். குரோம்பேட்டைக்குள்ளேயே ஐந்து வாடகை வீடு மாறினோம். வீடு மாறிய தேதியையும் மொட்டைமாடி மாறியதையும்கூட நோட்டில் குறித்திருக்கிறார்.

மழை இல்லாத நாளிலும் ஏறுவார். 0.0 என்று எழுதுவார்.

'பூஜ்யத்தை எதுக்குப்பா எழுதறே?' என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

'எழுதலைன்னா மழை இல்லையா, நான் ஏறலையான்னு எப்படிடா தெரியும்?' என்றார்.

இந்த நோட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி எங்கேயாவது ஏற்றலாமே என்று நான் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: 'எங்கே இருக்கும்?' ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் என்றேன். 'அவன் வேண்டாம்னா?' என்றார். 'வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கணும்னாகூட ஹவுஸ் ஓனரைக் கேக்கணும்டா. என் நோட்டு நம்ம வீட்டுல இருக்கட்டும். பாக்கணும்கிறவங்க இங்க வந்து பாக்கட்டும்.'

தெரியாமல் சொன்னாரோ, தெரிந்து சொன்னாரோ, வெப் சர்வருக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

* * *

செய்முறைக்கு வருவோம். மெஷின் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அக்கா பையன் கழித்துவிட்ட பழைய லேப்டாப், கீபோர்டில் நாலு பல் போனது. லேப்டாப்பில் ஒரு சௌகரியம், பாட்டரி உள்ளேயே இருப்பதால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு அசௌகரியம், வருஷக்கணக்கில் சார்ஜிலேயே கிடந்தால் பாட்டரி பணியாரம்போல உப்பும். அவ்வப்போது திருப்பிப் பார்த்து, உப்பியிருந்தால் கழற்றிவிட வேண்டும். மூடியை மூடினால் தூங்கப் போய்விடும் சுபாவத்தையும் செட்டிங்கில் மாற்ற வேண்டும். சர்வர் தூங்கினால் கடை எப்படி நடக்கும்?

லினக்ஸ் இலவசம். பரிமாறும் வேலையைச் செய்யும் மென்பொருள்கள், 1995-ல் வந்த அப்பாச்சி, 2004-ல் வந்த என்ஜின்எக்ஸ், இரண்டும் இலவசம். விலாசப் பெயருக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு ஜோடி சுமாரான செருப்பு விலை. மனைவி கேட்ட கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது லேப்டாப் சுமார் 15 வாட் இழுக்கிறது. 24 மணி நேரம், 30 நாள்... மாதத்துக்கு 11 யூனிட்டுக்குள். பழைய டெஸ்க்டாப் 80 வாட் என்றால் 58 யூனிட் ஆகிவிடும். உள்ளங்கை அகல ராஸ்பெரி பை என்றால் 5 வாட்தான். நாலு யூனிட்கூட ஆகாது.

இதுவரை சுலபம். கஷ்டம் எங்கே என்றால், விலாசத்தில்!

இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். ஐ.பி. நம்பர் என்பது அது. பழைய கணக்குப்படி மொத்தமே சுமார் 430 கோடி எண்தான் சாத்தியம். உலகப் பொதுக் கிடங்கிலிருந்து கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் பல, நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுத்து ஒப்பேற்றுகின்றன. நாம் வெளியே போய் யாரையும் பார்க்கலாம். வெளியிலிருந்து யாரும் நம் வீட்டைத் தேடி வர முடியாது. வாசலில் நிற்கிற கூர்க்காவுக்கு நம்மைத் தெரியாது.

அப்பாவிடம் விளக்கினேன். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். 'அப்ப நம்ம வீடு கேர் ஆஃப்ல இருக்கு.'

கேர் ஆஃபிலிருந்து மீள வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனியிடம் கேட்டு நிரந்தர எண் வாங்குவது. இரண்டு, புது முறையான ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதில் 340 போட்டுப் பக்கத்தில் 36 பூஜ்யம் போடும் அளவுக்கு எண்கள். கொசுவுக்குக்கூட ஒன்று கொடுக்கலாம். மூன்று, வெளியே நிரந்தர விலாசம் உள்ள ஒரு மெஷினைப் பிடித்து அதன் வழியாகச் சுரங்கம் தோண்டுவது. நான் முதல் வழிக்காக போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பேசிய தம்பி தங்கமானவர்.

'நிரந்தர ஐ.பி. எதுக்கு சார்? சி.சி.டி.வி.யா?'

'இல்லப்பா, வெப் சர்வர்.'

'கம்பெனி பேர் சொல்லுங்க சார்.'

'கம்பெனி இல்ல. வீடு.'

'அப்ப என்ன பிசினஸ் சார்?'

'பிசினஸ் இல்லப்பா. ஹாபி.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கீபோர்டை எங்கெங்கோ தட்டும் ஓசை. பிறகு ரொம்ப வருத்தமான குரலில் சொன்னார்: 'சார், ஹாபின்னு ஒரு ஆப்ஷனே இல்லை சார். சி.சி.டி.வி.ன்னே போட்டுடறேன்.'

ஆக, கம்பெனி ரிக்கார்டுபடி அப்பாவின் மழை, ஒரு கண்காணிப்புக் காமிரா.

* * *

கதவைத் திறந்து வைத்தால் முதலில் வருவது யார்? திருடன்தான். சர்வர் யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒரு பேரேடு எழுதும். திறந்த அரை மணியில் அதைப் பார்த்தேன். உலகத்தின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாத மெஷின்கள் வந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்திருந்தன. வேர்ட்பிரஸ் இருக்கிறதா? பாஸ்வேர்ட் கோப்பு எங்கே? 'அட்மின், 123456' என்று சாவியைப் போட்டுத் திருகுகின்றன. என்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் ஆட்டிப் பார்க்கிற ஆசாமிகள்.

ஆகவே, கடை போடுகிற இளைஞர்களே, நாலு விஷயம் சொல்கிறேன். வெப்புக்கு வேண்டிய 80, 443 என்ற இரண்டு வாசலைத் தவிர மற்றதை அடையுங்கள். நிர்வாகம் செய்ய உள்ளே நுழைவதற்கு பாஸ்வேர்டை நம்பாதீர்கள், சாவிக் கோப்பு முறை வையுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை மெஷினே தானாகச் செய்யும்படி விடுங்கள். பாங்க் பேப்பர், ஆதார் நகல், ஆபீஸ் சமாசாரம் எதையும் அந்த மெஷினில் வைக்காதீர்கள். போனால் மழை போகட்டும், மானம் போகக் கூடாது. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு காலத்தில் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது.

திருடர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அப்பாவின் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து, பதினோரு பேர். பெருமழைக் காலத்தில் நூறு. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த நாளுக்கான அப்பாவின் நோட்டுப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க எத்தனை தடவை குழாய் நிரம்பிக் கவிழ்த்தார் என்பதைக் கோடு போட்டு எண்ணியிருக்கிறார். மை கரைந்திருக்கிறது.

ஆனால் நாள் தவறாமல் வரும் ஒரு ஆசாமி உண்டு. இங்கே காலை எட்டரை தாண்டியதும், கனடாவிலிருந்து ஒரு வருகை. பேரேட்டில் பார்த்தேன், ஒரு நாள் தவறவில்லை. கோடையில் 0.0, 0.0 என்று இரண்டு மாதம் ஓடினாலும் தவறவில்லை.

அக்கா. டொரோன்டோவில் இருக்கிறாள். அங்கே அப்போது ராத்திரி பத்து, பதினொன்று. படுக்கப் போகுமுன் பார்க்கிறாள்.

'உனக்கு எதுக்குக்கா குரோம்பேட்டை மழை?' என்று போனில் கேட்டேன்.

'மழையை யாருடா பாத்தா? 0.0 வந்துடுச்சுன்னா அப்பா இன்னிக்கு மாடி ஏறி இறங்கிட்டார்னு அர்த்தம். நான் தூங்கப் போயிடுவேன்' என்றாள்.

* * *

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மூன்றாம் தேதி ராத்திரி ஆரம்பித்தது. கரண்ட் போயிற்று. லேப்டாப் பாட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கியது. ரவுட்டருக்கு வாங்கியிருந்த குட்டி யு.பி.எஸ். இன்னும் கொஞ்சம் தாங்கியது. அப்புறம் எல்லாம் இருட்டு. செல்போனிலும் சிக்னல் செத்துவிட்டது. நாலாம் தேதி காலை எட்டரைக்கு அப்பா ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச்சோடு மாடிப்படி ஏறினார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அளந்தார். நோட்டில் எழுதினார். உலகத்துக்குத் தெரிய வழி இல்லை. சர்வர் செத்துக் கிடந்தது.

வீட்டில் ஓடும் சர்வரின் குணமே இதுதான். வீட்டுக்கு வருவதெல்லாம் அதற்கும் வரும். எந்த நாளில் அந்த எண் ரொம்ப அவசியமோ, அந்த நாளில் அதுவும் வீட்டோடு சேர்ந்து முழங்கால் தண்ணீரில் நிற்கும். பெரிய கம்பெனியின் கிடங்கில் இருந்திருந்தால் பக்கமாவது திறந்திருக்கும். புது எண் மட்டும் வந்திருக்காது.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தபோது அப்பா காப்பிகூடக் குடிக்காமல் விட்டுப்போன எண்களை ஏற்றினார். பத்தாவது நிமிஷம் அக்கா போன். ஒன்றும் பேசவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். பிறகு, 'சிக்னல் வந்ததும் ஒரு போன் பண்ணத் தெரியாதாடா?' என்று கத்தினாள். அப்பா ஸ்பீக்கரில், 'மொதல்ல ரீடிங், அப்புறம்தான் போன்' என்றார்.

அந்த மாதமே டொரோன்டோவில் அக்கா வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு ராஸ்பெரி பை குடியேறியது. எங்கள் மெஷினிலிருந்து தினம் ஒரு முறை எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளும். இங்கே இருட்டானால் அங்கிருந்து பரிமாறும். 1979-லிருந்து உள்ள நோட்டுகள் இப்போது இரண்டு கண்டங்களில் பத்திரமாக இருக்கின்றன. போட்டோ எடுத்த பக்கங்கள் தனியாக ஒரு டிஸ்க்கில், பீரோவில். மூன்று நகல், அதில் ஒன்று வெளியூரில் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

ஆனாலும் அன்றைய எண் கிடைக்காத பிரச்னைக்கு எந்த மென்பொருளும் வழி சொல்லவில்லை. அதை என் மனைவி தீர்த்தாள். எதிர்வீட்டு மாமி, கோடிவீட்டு மெக்கானிக் தம்பி, இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனி சிம். இருவர் நம்பரையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். 'உங்க சர்வருக்கு ஒரு ஸ்பேர் சர்வர்' என்றாள். மறுக்க முடியவில்லை.

* * *

இதைப் படித்துவிட்டு, ஆபீஸ் விஷயத்தை, வியாபாரத்தை எல்லாம் வீட்டு லேப்டாப்பில் ஓட்டக் கிளம்பிவிடாதீர்கள். காசு வாங்கினால் 24 மணி நேரமும் கடை திறந்திருக்க வேண்டும். வீட்டுக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதுதான் அதன் சுகம். முழுச் சொந்தம் என்றும் பெருமைப்பட வேண்டாம். லைன் வாடகை, பெயர் வாடகை. சொந்த வீட்டுக்கும் தண்ணீர் வரி உண்டு.

ஆனால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதோ ஒன்று இருக்கும். தாத்தாவின் கணக்கு நோட்டு, பாட்டி பாடிய கேசட், ஊர்க் கோயில் திருவிழா போட்டோக்கள், தெரு கிரிக்கெட் டீமின் ஸ்கோர் புத்தகம். உலகத்தில் பத்துப் பேருக்குத்தான் அது வேண்டும். பத்துப் பேருக்காக எந்தக் கம்பெனியும் கடை திறந்து வைக்காது. அந்தப் பத்துப் பேருக்கு ஒரு பழைய லேப்டாப் தாராளம். இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கும் நேரத்தில் பாதியைச் செலவழித்தால் லினக்ஸ் போட்டு முதல் பக்கத்தை ஏற்றிவிடலாம். வெளியே கதவு திறப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர்காரருக்கு போன் போட்டால், காரணம் கேட்பார்கள்.

சி.சி.டி.வி. என்று சொல்லிவிடுங்கள்.